பார்க்லே டி டோலி: 1812 பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1812-இல் நெப்போலியன் ரஷ்யாவில் எப்படித் தோற்றார் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும்: ரஷ்யத் தளபதி குத்துசோவ், இல்லாவிட்டால் குளிர். அவருக்கு முன் படையை நடத்திய ரஷ்யத் தளபதி மிகயீல் பார்க்லே டி டோலியின் பெயர் அங்கே விடுபட்டுப் போகிறது. அந்த மனிதருக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பின்வாங்கும் உத்தி முழுவதையும் குத்துசோவின் கணக்கில் எழுதுவதுதான் முதல் தவறு. நெப்போலியன் ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடந்தது ஜூன் 24. குத்துசோவ் வந்து பொறுப்பேற்றது ஆகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட இரண்டு மாதமும் ரஷ்யாவின் முதல் படையை நடத்தியவர் பார்க்லே. இன்னொரு தளபதி பக்ராத்தியோனின் இரண்டாம் படை தெற்கே வெகுதூரத்தில் இருந்தது. இரண்டில் எது தனியாக மோதியிருந்தாலும் அழிந்திருக்கும். அதனால் ஸ்மோலென்ஸ்கில் இரண்டும் சேரும்வரை அவர் பின்வாங்கினார். அங்கே சண்டையிட்ட பிறகு நகரத்தையும் விட்டு விலகினார். அதற்குக் கிடைத்த பெயர் துரோகி. அவர் பெயரைத் திரித்து, 'வெறும் வாய்ப்பேச்சு' என்று பொருள்படும்படி ரஷ்ய மொழியில் கேலி செய்தார்கள்.

புதிதாக வந்த குத்துசோவும் பின்வாங்கத்தான் செய்தார். மாஸ்கோவுக்கு மேற்கே நடந்த பொரோதினோ போருக்குப் பிறகு ஃபிலி கிராமத்தில் நடந்த ஆலோசனையில், மாஸ்கோவை விட்டுவிட்டுப் படையைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியவர் பார்க்லே. முடிவெடுத்துப் பழியைச் சுமந்தவர் குத்துசோவ். அந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேசவும் கூடாது.

சிலர் மறுபக்கம் சாய்ந்து, எல்லாமே பார்க்லே முன்கூட்டியே போட்ட திட்டம் என்பார்கள். அதுவும் சரியில்லை. போர் அமைச்சராக இருந்தபோது உள்நாட்டை நோக்கிப் பின்வாங்குவது பற்றி அவர் யோசித்தது உண்மை. ஆனால் 1812-இல் ஜார் (ரஷ்யப் பேரரசர்) முதலில் நம்பியது திரீசா என்ற இடத்தில் அமைத்த அரண் முகாமை. அது ஃபூல் என்ற பிரஷ்ய அதிகாரியின் யோசனை. அங்கேயே தங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று புரிந்ததும் ஜூலையில் கைவிட்டார்கள். அன்றன்றைய நெருக்கடியைப் பார்த்து எடுத்த முடிவுகளும் நிறைய.

அப்புறம் குளிர். வெயில், பசி, நோய், தீவனமில்லாமல் செத்த குதிரைகள் என்று கோடையிலேயே பிரெஞ்சுப் படை கரையத் தொடங்கிவிட்டது. குளிர் ரஷ்யர்களையும்தான் வாட்டியது. பார்க்லேவுக்கு அது நன்றாகத் தெரியும்: 1809 மார்ச்சில் உறைந்து கிடந்த கடலின் மேல் படையை நடத்தி ஸ்வீடனின் ஊமியோ நகரை அடைந்தவர் அவர்.

பெயரைப் பார்த்து அவரை வெளிநாட்டுக் கூலித் தளபதி என்று எழுதுவதும் தவறு. ஸ்காட்லாந்து வேர் கொண்ட குடும்பம்தான், ஆனால் பால்டிக் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்தது. வீட்டில் ஜெர்மன் பேசிய லூத்தரன் கிறிஸ்தவர், ஆனால் ரஷ்யப் பேரரசின் குடிமகன். தலைமையகம் முழுக்க ஜெர்மானியர்கள் என்று குமுறிக் கடிதம் எழுதிய பக்ராத்தியோனே ஜார்ஜிய அரச வம்சத்தவர்!

தேதிகளில் கவனம் தேவை. பொரோதினோ நடந்தது செப்டம்பர் 7. ரஷ்யாவின் அன்றைய ஜூலியன் நாட்காட்டியில் அதுவே ஆகஸ்ட் 26. இரண்டையும் கலந்து எழுதினால் 12 நாள் தடுமாறும்.

கடைசியாக, அவர் கதையை 1812-இன் அவமானத்தோடு முடித்துவிடாதீர்கள். அந்த இலையுதிர் காலத்தில் படையை விட்டுப் போனவர் அடுத்த ஆண்டே திரும்பினார். 1813 ஏப்ரலில் குத்துசோவ் இறந்தார். மே மாதம் ஜெர்மனியில் நடந்த பவுட்சன் போருக்குப் பின் தலைமை மறுபடி பார்க்லேவிடம் வந்தது. நெப்போலியனுக்கு எதிரான லைப்ஸிக் வெற்றிக்குப் பிறகு கவுண்ட் என்ற பிரபுப் பட்டம், 1814-இல் பாரிஸ் வீழ்ந்ததும் ஃபீல்டு மார்ஷல் பதவி. 1818-இல் இறந்தார். 1837-இல் பீட்டர்ஸ்பர்க்கின் கசான் பேராலயத்துக்கு முன்னால் இரண்டு சிலைகள் நிறுவப்பட்டன: ஒன்று குத்துசோவுக்கு, இன்னொன்று பார்க்லேவுக்கு.