யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு

கோடை விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலர், நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து ஒரு வீடும் பார்த்து வரலாம் என்று நினைத்திருப்பீர்கள். வாடகைக்கு விட்டால் வருமானமும் வரும், ஊரில் ஒரு பிடியும் இருக்கும் என்பது கணக்கு. கோண்டாவிலில் அப்படி வாங்கிய வீட்டு அலுவலிலேயே என் விடுமுறை முழுவதும் போய்விட்டது.

முதலில் சந்தை. வாடகைக்கு ஆள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றித் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் மாணவர்கள், போதனா வைத்தியசாலையை அண்டி வைத்தியர்கள், தாதியர்கள், இடமாற்றத்தில் வரும் வங்கி, அரச உத்தியோகத்தர்கள். ஆனால் இவர்கள் தேடுவது ஓர் அறை, அல்லது தனி வாசலும் குளியலறையும் உள்ள சிறு பகுதி. நாங்கள் ஆசைப்பட்டு வாங்குவதோ ஐந்தறை மாடிவீடு. ‘கம்பஸ் பிள்ளையள் எல்லாரும் இஞ்சைதான்’ என்று தரகர் சொல்வதையும் அப்படியே எடுக்காதீர்கள். பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது.

காணியின் பரப்பு விலையை ஏற்றியது வெளிநாட்டுக் காசு. வாடகையைத் தீர்மானிப்பது உள்ளூர்ச் சம்பளம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்குப் போனபோது, ரூபாயில் வாங்கும் வாடகை டொலர் கணக்கில் ஏறக்குறையப் பாதியானது. பலாலி விமான நிலையம் 2019இல் மீண்டும் திறந்தபின் விடுதியாக நடத்தலாம் என்கிறார்கள். ஆடி, ஆவணியில் அது சரி, மற்ற மாதங்களில் அறைகள் பூட்டித்தான் கிடக்கும். வெளிநாட்டில் கடன் எடுத்து, வாடகையால் அடைக்கலாம் என்று நம்பி வாங்கவே வாங்காதீர்கள்.

வாடகைக்காரரோடு வாய்ப்பேச்சு வேண்டாம். 1840ஆம் ஆண்டிலிருந்தே, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதும் நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பதுதான் சட்டம். தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023இல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. முறையாக எழுதிய குத்தகை இருந்தால்தான் அது கைகொடுக்கும்.

வாடகைக்காரரை விடச் சிக்கலானது சொந்தம். எங்கள் வீட்டில் பெரியம்மாவும் அவவின் பேரன் குடும்பமும் இருக்கிறார்கள். வாடகையும் இல்லை, எழுத்தும் இல்லை. உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆண்டு வந்தவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அனுமதியோடு இருப்பவருக்கு அது சுலபமில்லை, ஆனால் அனுமதிதான் என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். “அண்ணை, உங்கடை விருப்பத்தோடைதான் இருக்கினம் எண்டு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ,” என்றார் நொத்தாரிசு.

யாரிடம் கேட்பது? 1995 ஒக்டோபர் 30, போரால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த அந்த இரவில், என் அம்மாவைக் கைபிடித்து மழைக்குள் சாவகச்சேரி வரை நடத்திப் போனவ பெரியம்மா. நான் அப்போது ரொறன்ரோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். கடதாசியைக் கண்டதும் அவ கேட்டது ஒன்றுதான்: “கொம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகேக்க ஆரடா கடதாசி எழுதினது?”

அதன்பிறகு லண்டனிலிருந்தும் பரிசிலிருந்தும் சொந்தக்காரரின் தொலைபேசி அழைப்புகள். பேரனோ, வாங்கின விலைக்கே தன் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்டான். பராமரித்தது தாங்கள் என்றான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூரை ஓடு மாற்றியதும், கிணறு இறைத்ததும், ஒவ்வொரு மாரியிலும் ஒழுக்குக்குப் பாத்திரம் வைத்ததும் அவர்கள்தான். ஆனாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் நான் திரும்பியிருக்க முடியாது. கடைசியில் பெரியம்மா வாசிக்காமலே வைத்தா. அதற்குப்பிறகு என் மனைவியோடு மட்டும்தான் கதைத்தா.

ஆகவே அந்தக் கடதாசியைத் திறப்புக் கொடுக்கிற நாளிலேயே எழுதுங்கள். மூத்தவர்களின் கையெழுத்து தேவைதான், ஆனால் பேச்சை இளையவர்களோடு தொடங்குங்கள். விடுமுறைக்குப் போய்த் தொடங்காமல், போகுமுன்பே தொலைபேசியில் கதைத்து முடியுங்கள். பராமரிப்புக்கென்று மாதாமாதம் ஒரு தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள். அவர்கள் யாருக்காக வீட்டைப் பார்க்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. அந்தக் காசு அவர்களுக்குச் சேர வேண்டியதும்கூட.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டு வாங்குங்கள், மச்சான் பெயரில் வாங்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இங்கேயே எழுதி, அத்தாட்சிப்படுத்திக் கொண்டுபோங்கள். உங்களுக்காக அலுவல் பார்க்க ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் வாடகை, திருத்தவேலை, வரி என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரியின் பற்றுச்சீட்டு பழைய உரிமையாளர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள். வாடகை வருமானத்துக்கு அங்கே வருமான வரி உண்டு, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும்.

எங்கள் வீட்டு மேல்மாடிக்கு வெளியால் படி வைத்து இரண்டு பகுதியாகப் பிரிக்க மேசனோடு கதைத்திருக்கிறேன். அவை வாடகைக்குப் போகும். கீழ்வீடு பெரியம்மா இருக்கும்வரை அவவுக்கு. அதையும் அதே நொத்தாரிசைக் கொண்டு எழுதி வைத்திருக்கிறேன்.