ஒற்றைச் சட்டியில் கணவாயும் கோசும்

மண்டபம் என்ற கடலோர ஊரில் நான் தங்கியிருக்கும் வாடகை அறையில் ஓர் ஒற்றை அடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும்தான் உண்டு. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்க, அதே அளவு கணவாய் மீனில் 3 கிராம்தான் என்பதால், இரவுச் சோற்றை விட்டுக் கணவாயையும் முட்டைக்கோசையும் ஒன்றாகக் கொட்டி வதக்கத் தொடங்கினேன். கணவாய் விட்ட நீரில் கோசு குழைந்தது. அந்த நீர் வற்றுவதற்குள் கணவாய் செருப்புத் தோலாகிவிட்டது. மூன்று இரவுகள் அதைத்தான் மென்றேன்.

"ஈரத்தோட போட்டா அப்படித்தான் தம்பி, தொடச்சுப் போடுங்க" என்றார் மீன் விற்கும் அக்கா.

இப்போது கோசை மெல்லியதாக அரிந்து, நல்லெண்ணெயில் கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து, அரைவேக்காடாக வதக்கித் தட்டில் எடுத்து வைத்துவிடுகிறேன். பிறகு மெல்லிய புகை எழும்வரை சட்டியைச் சூடேற்றி, துணியால் ஈரம் ஒற்றிய கணவாய் வளையங்களை ஒரு கைப்பிடிக்கு மேற்படாமல் போட்டு, அவை வெண்மையாகிச் சுருளும் இரண்டு நிமிடங்களிலேயே கோசைத் திரும்பச் சேர்க்கிறேன். உப்பும் மிளகுத்தூளும் தேங்காய்த் துருவலும் கடைசியில்தான்; உப்பை முன்பே போட்டால் மீண்டும் நீர் விடும். அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டால், அரை மணி நேரத்துக்கு மேல் மூடி வேகவைத்தால்தான் கணவாய் மறுபடி மென்மையாகும். என் சிறிய எரிவாயு உருளைக்கு அது கட்டுப்படியாகாது.