பிராட்வேயில் வசன நாடகம் பார்க்க: தேதி, டிக்கெட், இருக்கை

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் பெரிய மியூசிக்கல்கள், அதாவது பாட்டும் நடனமும் கலந்த நாடகங்கள், வருஷக்கணக்கில் ஓடும். இந்த முறை தவறினால் அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம். வசன நாடகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பிரபல திரை நடிகரை வைத்துப் போடும் ரிவைவல், அதாவது பழைய நாடகத்தின் மறு அரங்கேற்றம், பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும். நடிகருக்கு அடுத்த படப்பிடிப்பு காத்திருக்கும்.

அதனால் முதலில் மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிரிவியூ (தொடக்க நாளுக்கு முன் டிக்கெட் விற்று நடத்தும் முன்னோட்டக் காட்சிகள்) தொடங்கும் நாள், அதிகாரபூர்வத் தொடக்க நாள், கடைசி நாள். பிரிவியூவில் புது நாடகத்தின் வசனமே மாறிக்கொண்டிருக்கும். ரிவைவலில் பிரதி ஏற்கெனவே நிலைத்தது என்பதால் ஒளி, ஒலி, வேகம்தான் சீராகும். எனவே ரிவைவலுக்குப் பிரிவியூ டிக்கெட் எடுப்பதில் ஆபத்து குறைவு. நல்ல விமர்சனம் வந்துவிட்டால் விலை ஏறும், கடைசி வாரங்களில் இன்னும் ஏறும். பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதுக்குத் தகுதி பெறக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் இறுதி என்பதால் மார்ச், ஏப்ரலில் புதுத் தொடக்கங்கள் குவியும். அப்போது போனால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் நாடகம் குறைவு, கூட்டமும் குறைவு.

வாரத்துக்கு எட்டுக் காட்சி. திங்களன்று பல அரங்குகளுக்கு விடுமுறை. புதன், சனி பகல் காட்சிகள் வழக்கமாக 2 மணிக்கு.

டிக்கெட்டுக்குத் தேடுபொறியில் முதலில் வரும் தளத்தை அழுத்தாதீர்கள். அது பெரும்பாலும் மறுவிற்பனைக் கடை, இருமடங்கு விலையும் சொல்வார்கள். நாடகத்தின் சொந்தத் தளத்திலிருந்து போனால் சரியான விற்பனையாளரிடம் சேரலாம். அரங்கின் கவுண்டரிலேயே வாங்கினால் இணையச் சேவைக் கட்டணம் மிச்சம். அன்றைய காட்சிக்கு ‘ரஷ்’ எனப்படும் குறைந்த விலை டிக்கெட் உண்டா, குலுக்கல் உண்டா என்பதை நாடகத்துக்கு நாடகம் பார்க்க வேண்டும். 47-ஆம் தெருவில் சிவப்புப் படிகளுக்குக் கீழே இருக்கும் டிகேடிஎஸ் கவுண்டரில் அன்றைய டிக்கெட் 20 முதல் 50 சதவீதம் தள்ளுபடியில் கிடைக்கும். நீளமான வரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம்: வசன நாடகத்துக்கு மட்டும் தனி ஜன்னல் உண்டு, அங்கே கூட்டம் குறைவு. நட்சத்திர நாடகங்கள் மட்டும் இங்கே அபூர்வமாகத்தான் வரும்.

இருக்கையில்தான் பலர் ஏமாறுவது. ‘ஆர்கெஸ்ட்ரா’ என்றால் வாத்தியக்காரர்கள் அல்ல, தரைத்தளம். அதன் கடைசி வரிசைகளில் மேல்மாடியின் அடிப்பகுதி மறைத்து, அரங்க அமைப்பின் மேல் பாதி தெரியாது. அதே விலையில் மெஸனைன் எனும் முதல் மாடியின் முன்வரிசை நடு இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பல அரங்குகளில் 101 முதல் தொடங்கும் எண்கள் நடுப்பகுதி. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். 1, 2 நடுவை ஒட்டியவை, 25 என்றால் சுவரோரம். ஒற்றை எண்களே அடுத்தடுத்து வருவதால் 5-உம் 7-உம் பக்கத்து இருக்கைகள்தான். பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று கவுண்டரில் சண்டை போட வேண்டாம்.

சப்டைட்டில் மேடைக்கு மேல் ஓடாது. வட்டார உச்சரிப்பில் வேகமாகப் பேசும் நாடகமென்றால் பிரதியை முன்பே படித்துவிடுங்கள். ரிவைவலில் இது எளிது, புத்தகமாகவே கிடைக்கும். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 1949-இல் முதலில் மேடையேறி, 1975, 1984, 1999, 2012, 2022 என்று பிராட்வேக்குத் திரும்பி வந்திருக்கிறது. 2022-இல் கதையின் நாயகனான விற்பனையாளரின் குடும்பம் கறுப்பினக் குடும்பமாக மாறியது. பிரதி தெரிந்திருந்தால்தான் அந்த மாற்றத்தின் கனம் புரியும்.

உள்ளே போனதும் இலவசமாகத் தரும் பிளேபில் எனும் நிகழ்ச்சிக் கையேட்டைப் பிரித்து, நடுவில் துண்டுச்சீட்டு இருக்கிறதா பாருங்கள். யாருக்குப் பதில் யார் நடிக்கிறார் என்பது அதில் இருக்கும். நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் போட்ட நடிகர் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், வேறு தேதிக்கு மாற்றலாம். ஆனால் திரை விலகுவதற்கு முன் கவுண்டருக்குப் போயாக வேண்டும்.