கல்லூரியில் பால்புதுமையர் ஆதரவுக் குழு: தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநங்கைகள், திருநம்பிகள் முதலியோரைச் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் பால்புதுமையர். ஒரு மாணவர் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்றோ திருநம்பி (பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்றோ தெரிந்ததும் நம் கல்லூரிகள் பலவற்றில் முதலில் நடப்பது, வீட்டுக்குப் போன் போடுவது. படிப்பு நின்றுபோவதும் அவசரக் கல்யாணமும் அந்த ஒரு போனிலிருந்தே தொடங்கலாம். ஆகவே குழுவின் முதல் விதியை எழுத்தில் வையுங்கள்: மாணவரின் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கோ துறைத்தலைவருக்கோ வார்டனுக்கோ எதுவும் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அதைப் பேச்சைத் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அனுமதி கேட்க முதல்வரிடம் போகும்போது இரண்டு நகல்கள் கையில் இருக்கட்டும். ஒன்று, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. பாலின வேறுபாடற்ற கழிப்பறை, சான்றிதழ்களில் பெயர், பாலினத் திருத்தம், விண்ணப்பத்தில் தனிக் கட்டம், பால்புதுமையரைப் புரிந்துகொண்ட ஆலோசகர் எனக் கல்வி நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றை அது சொல்கிறது. இன்னொன்று, பாலீர்ப்பைக் காரணமாக வைத்துத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2016-இல் செய்த திருத்தம்.

குழுவுக்கு வெவ்வேறு துறைகளிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆலோசகர், மூன்று நான்கு மாணவர்கள் போதும். வார்டனைச் சேர்க்காதீர்கள், தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘பையனை மாற்றித் தரும்படி பெற்றோர் கேட்டால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். ‘முயன்று பார்க்கலாம்’ என்பவர் வேண்டவே வேண்டாம். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் இந்தச் சிகிச்சை மருத்துவர்களுக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே அறிவித்துவிட்டது.

அறைக்கு வெளியே குழுவின் பெயரை எழுதிய பலகை வேண்டாம். பார்க்கும் கண்களுக்குப் பயந்தே யாரும் வர மாட்டார்கள். எல்லா மாணவரும் வந்துபோகும் ஆலோசகர் அறையே நல்லது. நேரம் மதிய இடைவேளையில் இருக்கட்டும். மாலையில் வைத்தால் கல்லூரிப் பேருந்தில் போகிறவர்களால் வர முடியாது.

வாட்ஸ்அப் குழு தொடங்கவே கூடாது. எண்ணும் படமும் எல்லோருக்கும் தெரியும், ஒரு ஸ்க்ரீன்ஷாட்டே போதும் எல்லாம் கெட. தனி சிம் ஒன்றில் ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். கூகுள் படிவம் என்றால் மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். குறிப்பேட்டில் பெயரும் பதிவெண்ணும் வராமல் குறியீட்டு எண் மட்டும் வரட்டும். நிகழ்ச்சிப் படங்களைக் கல்லூரியின் இன்ஸ்டாகிராமில் போடும் முன் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே சம்மதம் வாங்குங்கள். ஊரில் இருக்கும் சித்தப்பாவும் அதைப் பார்ப்பார்.

முதல் சந்திப்பில் ‘எந்தப் பெயரில் கூப்பிடட்டும்? அதை வகுப்பில் சொல்லலாமா, வீட்டுக்குப் போகும் கடிதத்தில் எழுதலாமா?’ என்று இடம் இடமாகக் கேளுங்கள். அவனா அவளா என்று தெரியாத வரை ‘அவர்’ என்று சொல்ல நம் மொழியிலேயே வழி இருக்கிறது. வருகைப் பதிவேடு, அடையாள அட்டை, விடுதிப் பட்டியல் ஆகியவற்றில் பெயரைக் கல்லூரியே மாற்றலாம். மதிப்பெண் பட்டியலுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவை அணுக வேண்டும் என்பதால் கடைசிப் பருவம் வரை காத்திருக்காதீர்கள்.

பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். யுஜிசியின் 2015 விதிகள் ஆண்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் பாதுகாக்கின்றன. எழுதத் தயங்குபவருக்கு உடன் உட்கார்ந்து உதவுங்கள்.

பாலின வேறுபாடற்ற கழிப்பறையில் தாழ்ப்பாள், வாளி, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்க வேண்டும். சாவியை அலுவலகத்தில் வைத்தால் அதைக் கேட்கப் போவதே ஊரறியச் சொல்வதாகிவிடும்.

இரவு நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ விடுதிக் கதவுகளில் ஒட்டுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் போவதற்குள், பிப்ரவரியிலேயே அடுத்த அணியைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதம் கூடவே உட்கார வையுங்கள்.