ஈபப் அழகாக இருந்தது, எழுத்துதான் தெரியவில்லை

தாத்தாவின் கட்டுரைகள் இருந்த வேர்டு கோப்பைக் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு, ஈபப் என்ற மின்னூல் வடிவமாக ஆக்கினேன். கணினியில் பார்க்க அச்சுப் புத்தகம் மாதிரியே வந்திருந்தது. ஆனால் அம்மா கைப்பேசியில் இரவு முறையில் திறந்தால் கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து! பொருளடக்கமும் காலி.

ஈபப் என்பது எச்டிஎம்எல் பக்கங்களை, அதாவது இணையப் பக்கங்களைப் போன்றவற்றைக் கட்டி வைத்த ஜிப் கோப்புதான். அதைச் சிஜில் என்ற ஈபப் திருத்தும் மென்பொருளில் திறந்தேன். பத்திக்குப் பத்தி, சில சொற்களுக்கு மட்டும் தனி வடிவம் கொடுக்கும் ஸ்பான் குறிகள், அதுவும் தேவையில்லாமல். எழுத்தின் நிறம் கறுப்பு என்று, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸிலேயே எழுதியிருந்தது. தலைப்புகளோ வெறும் தடித்த எழுத்துப் பத்திகள். இது தலைப்பு என்று சொல்லும் எச்1 குறி ஒன்றுகூட இல்லை. அப்புறம் பொருளடக்கம் எங்கிருந்து வரும்?

ஈபப்பில் ஒட்டுப்போடாமல் மூல வேர்டு கோப்புக்கே போனேன். ஒவ்வொரு தலைப்புக்கும் ஹெடிங் 1 பாணியைக் கொடுத்தேன், அதுதான் ஈபப்பில் எச்1 ஆகிறது. இடைவெளிக்காகத் தட்டியிருந்த வெற்று வரிகளை நீக்கினேன். காலிபரில் மாற்றும்போது ‘லுக் அண்ட் ஃபீல்’ பகுதியில் நிறங்களையும் எழுத்துருக்களையும் வடிகட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. இரண்டையும் டிக் செய்தேன். இது பலர் கண்ணில் படுவதே இல்லை, அவசியம் பாருங்கள்.

மிச்ச ஸ்பான்களைச் சிஜிலில் ரெஜெக்ஸ் (ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் தேடிப் பிடிக்கும் குறிமுறை) போட்டு எடுத்தேன். வரி உயரத்தை மட்டும் 1.6 என்று வைத்தேன். தமிழில் எழுத்துக்கு மேலே வரும் வளைவும் கீழே வரும் கொக்கியும் பக்கத்து வரியில் இடிக்கக் கூடாதே. எழுத்துருவும் அளவும் படிப்பவர் விருப்பம், அதில் நாம் கைவைக்கவே கூடாது. இப்போது அம்மா எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறார்.