ஃப்ளைட்ல ஹெட்ஃபோனுக்கு காசு குடுக்காதீங்க
சில ஏர்லைன்ஸ்ல முன்சீட்டு ஸ்க்ரீன்ல படம் ஃப்ரீ, ஆனா ஹெட்ஃபோன் கேட்டா தனியா காசு வாங்குவாங்க, அதனால வீட்லேர்ந்தே ஒரு வயர் ஹெட்ஃபோன் எடுத்து கைப்பைல போட்டுக்கோங்க, அது 3.5 எம்எம் பின்னான்னு (சாதா உருண்ட பின், போன் சார்ஜர் மாதிரி தட்டையானது இல்ல) பாத்துக்கோங்க. ப்ளூடூத்த மட்டும் நம்பி போகாதீங்க, நிறைய விமானத்துல ஸ்க்ரீனோட கனெக்ட் ஆகாது. சில பழைய சீட்ல கைப்பிடிகிட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், அதுல ஒண்ணுல சாதா பின்ன சொருகினா பெரும்பாலும் ஒரு காதுல தான் கேக்கும், ரெண்டு பின் வெச்ச குட்டி அடாப்டர் போட்டா ரெண்டு காதுலயும் சுத்தமா வரும், வெலயும் கம்மி தான், ஒருதடவ வாங்கினா போதும். காத முழுசா மூடற டைப்னா இன்னும் நல்லது, இஞ்சின் இரைச்சல் அடங்கறதால வால்யூம் கொறச்சு வெச்சே கேக்கலாம். ஸ்க்ரீனே இல்லாத ஃப்ளைட்னா போன்ல படம் பாக்க அந்த ஏர்லைன்ஸோட ஆப் தேவைப்படுமான்னு பாத்து ஏறறதுக்கு முன்னாடியே போன்ல ஏத்திடுங்க.