லயத்து வீடுகளுக்கு உதவப் போவது எப்படி: வின்சென்ட் டி போல் காட்டிய முறை

செப்டெம்பர் 27 வந்தால் போதும், புனித வின்சென்ட் டி போல் திருநாள் என்று நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் அரிசி, பருப்பு, மா எல்லாம் பொதி கட்டி ஒரே நாளில் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அப்புறம் அடுத்த செப்டெம்பர்தான். அந்த மனிதர் செய்தது இதற்கு நேர்மாறு.

1617இல் பிரான்சின் ஷாட்டியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். பின்னேரம் போய்ப் பார்த்தால் சாப்பாடு சுமந்தபடி வழியெல்லாம் சனம். இன்றைக்கு இவ்வளவும் வந்தால் மிச்சம் கெட்டுப்போகும், பிறகு அதே வீடு பட்டினி கிடக்கும் என்று யோசித்து, பெண்களைச் சேர்த்து ஆளுக்கொரு நாள் முறை போட்டார், அதற்கு விதியும் எழுதினார். நமக்கு வேண்டியதும் அந்த முறைதான்.

முதலில் ஒரு கொப்பி. முழுத் தோட்டத்தையும் எழுதாதீர்கள், ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) ஒரு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு வரிசை போதும். யாருக்கு என்ன கஷ்டம் என்று பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில்) இருக்கும் ஆயாவிடம் கேளுங்கள், எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்று தோட்டத் தலைவருக்குத் தெரியாது, ஆயாவுக்குத் தெரியும். 1833இல் பாரிசில் வின்சென்ட் பெயரில் சபை தொடங்கிய ஓசானாம் இருபது வயது மாணவர். அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஏழை வீடுகளைக் காட்டிக் கொடுத்தது அந்தப் பகுதியை நன்றாக அறிந்த ரொசாலி என்ற கன்னியாஸ்திரிதான்.

இரண்டு பேராகப் போங்கள், சபையின் பழைய வழக்கம் அது. கிழமை நாள் காலையில் போனால் எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள், ஞாயிறு பின்னேரம் சரி. எந்தச் சாமி கும்பிடுகிறீர்கள் என்று கேட்கவே வேண்டாம். சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். லயத்தில் ஒரு சுவர்தான், இந்தக் காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். கடன், அடகு, குடி பற்றிய பேச்சென்றால் அந்த அக்கா தண்ணீர் எடுக்கப் பீலிக்கு (தண்ணீர் விழும் குழாய்க்கு) போகும்போது கூடவே நடந்து, குடத்தை வாங்கிக்கொண்டு கேளுங்கள். கொப்பியை வீட்டுக்குள் விரிக்காதீர்கள், போனையும் வெளியே எடுக்காதீர்கள்.

எந்த வீடு முதலில்? ஷாட்டியோன் விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: பக்கத்தில் ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போ, தனியாக இருப்பவரிடம் கடைசியில் போ, அப்போதுதான் அதிக நேரம் இருக்கலாம். பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் ஆச்சிகள் இல்லாத லயம் எது? அவர்களைக் கடைசிக்கு வையுங்கள், அவசரப்படாதீர்கள்.

சாமான் மட்டும் உதவி இல்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கடிதம் வாசிக்கத் தெரியாமல் தகரப்பெட்டியில் கிடக்கும், அஸ்வெசும (அரசாங்க நலன்புரி உதவி) மேன்முறையீடு எழுத ஆள் இருக்காது, கிளினிக் நாளில் கூடப் போக ஒருவர் வேண்டும். இதற்கெல்லாம் காசைவிட நேரம்தான் தேவை.

காசுக்கு, கூட்டம் முடியும்போது துணிப்பை ஒன்றைச் சுற்றி விடுங்கள், சபைகளில் இப்படித்தான். மூடிய கையை உள்ளே விட்டு இருப்பதைப் போடலாம், பேர் (வேலைநாள்) சரியாக விழாமல் சம்பளம் குறைந்த மாதத்தில் வெறுங்கையையும் விடலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.